பொழுது இறங்குவதற்குள்

மணி நாலே முக்கால். ஐந்து மணிக்கு இந்த மேட்டை விட்டு இறங்கிவிட்டால் வெளிச்சம் இருக்கும்போதே பக்கத்து ஊர் இப்ராவுக்குப் போய்விடலாம். மஸ்கட் வரைக்கும் இனிமேல் முடியாது, மஸ்கட்டுக்கு இரண்டரை மணி நேரம், மூன்று மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும், மூன்று மணிக்குப் பொண்டாட்டியும் பிள்ளையும் மலையாளி கடையில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நானும்தான் உட்கார்ந்திருந்தேன், இன்னொரு டீ சொல்லு என்று நானேதான் சொன்னேன், ஏன் சொன்னேன். இப்ராவில் ஏதாவது ஒரு லாட்ஜில் ரூம் போடலாம். அசதியாக இருக்கிறது, முதுகு வலிக்கிறது, காலையில் போவோம் என்று சொல்லலாம். முதுகு வலி நல்லது. முதுகு வலியை யாரும் டார்ச் அடித்துப் பார்க்க முடியாது. மலர்க்கொடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் ஏறுகிறாள். இந்தப் பயணத்துக்கென்று பட்டுக்கோட்டையில் எடுத்த மெரூன் சுடிதார், சாயம் போகாத புதுசு, மணலின் சிவப்பில் அவள் எங்கே முடிகிறாள் மணல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. “பாலைவனம்னா சுடும்னு நெனச்சேங்க, ஜில்லுன்னுல்ல இருக்கு” என்கிறாள். டிசம்பர் மாசம், மேல் மணல் மட்டும்தான் லேசாகச் சூடு, காலைப் புதைத்தால் அடியில் குளிர்ச்சி, கொள்ளிடத்து மணல் மாதிரி. ஆமாம் என்கிறேன். கனி எங்கே. கனிஷ்கா எங்கே. இடது பக்கம் இல்லை, மேலே இல்லை, அவளுடைய மஞ்சள் சட்டை, மஞ்சள் சட்டைதானே போட்டிருந்தாள், கழுத்தைத் திருப்பு, இன்னும் திருப்பு, வெறும் மணல், வெறும் மணல், யாரோ போட்டுவிட்டுப் போன தண்ணீர் பாட்டில், வெறும் மணல், “கனீ!” என்று கத்தியேவிட்டேன். “என்னாப்பா, இங்கனதான நிக்கிறேன்” என்று என் முழங்கைக்குப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது. பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். கையை நீட்டினால் தொடுகிற தூரம். குனிந்து பார்த்தால் ஒன்பது வயசு முகம், மூக்கு நுனியில் மணல், அப்பாவுக்கு என்ன என்று பார்க்கிற கண்.

சின்ன வயசில் பப்பாளித் தண்டை வெட்டி ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்ப்போம், அப்படித்தான் இருக்கிறது இப்போது. தண்டுக்குள்ளே தெரிவதெல்லாம் சுத்தமாகத் தெரியும். மலரின் காதுத் தோடு தெரிகிறது, தோட்டில் மூன்று கல், ஒரு கல் விழுந்திருக்கிறது, அது தெரிகிறது. அவள் பக்கத்தில் ஒட்டகமே நின்றாலும் தெரியாது. எப்போது தொடங்கியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பதினோரு வருஷமாகத் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறேன், தினமும் நாற்பது வீடு, ஐம்பது வீடு, கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது கடைசிப் படி இல்லாத இடத்தில் கால் வைப்பேன், இருக்கிற படியில் இடித்துக்கொள்வேன், வயசாகிறது என்று நினைத்தேன், நாற்பத்தொன்று ஒரு வயசா. கண்ணாடிக் கடைக்காரன்தான் முதலில் சொன்னான். இது கண்ணாடி போட்டால் தீருகிற விஷயம் இல்லை, பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றான். டாக்டர் எகிப்துக்காரர், அவர் ஆங்கிலத்தில் சொன்னதை மலையாளத்து நர்ஸ் எனக்குச் சொன்னாள். ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வருமாம். பதுக்கெ பதுக்கெ என்றாள், மெல்ல மெல்ல. நடுவில் இருப்பது கடைசியில் போகுமாம். மருந்து என்று கேட்டேன். அவள் டாக்டரைப் பார்த்தாள், டாக்டர் தன் பேனாவைப் பார்த்தார். ராத்திரியில் வண்டி ஓட்டவே கூடாது, பகலிலும் வேண்டாம், உங்கள் வேலை என்ன என்று கேட்டார். ஸ்டோர்கீப்பர் என்றேன். எப்படி அவ்வளவு சட்டென்று பொய் வந்தது எனக்கு. அப்புறம் அவர் ஒன்று கேட்டார், நர்ஸ் அதையும் சொன்னாள், குட்டிகள் உண்டோ, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று. இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பொய் எதற்கு என்று எட்டு மாசமாக யோசிக்கவில்லை. யோசிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போனாலே வேறு எதையாவது யோசிப்பேன். வாடகை, விசா, மலருக்கு டிக்கெட்.

“ஏங்க, அந்த உச்சிக்குப் போயிடுவோம், அங்கேருந்து பாத்தா சூரியன் முழுசா எறங்கறது தெரியுமாம்.” மலருக்கு மூச்சு வாங்குகிறது, சிரிக்கிறாள், மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கிறாள். யாரோ கூடப் படித்தவள் துபாயிலிருந்து வீடியோ போட்டாளாம், மணல் மேட்டில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பதாக, அதை மலர் இருபது தடவையாவது எனக்கு அனுப்பியிருப்பாள். “நேரமாயிடுச்சு மலரு, கெளம்புவோம்” என்கிறேன். “என்னா நேரம்? அஞ்சுகூட ஆவல.” “ரோட்ல ஒட்டகம் குறுக்க வரும். இருட்டுனா ஆபத்து.” “நீங்க ஓட்டாத ரோடா? பதினோரு வருஷமா ஓட்டுறீங்க, பொண்டாட்டி வந்த அன்னிக்குத்தான் ஒட்டகம் வருதா?” வேடிக்கையாகத்தான் சொல்கிறாள், ஆனால் பாதியில் குரல் மாறுகிறது. “வந்து எட்டு நாளாச்சு. பகல்ல நீங்க வேலைக்குப் போயிடுறீங்க. சாயங்காலம் ஆனா ரூமைவிட்டு வெளிய வரமாட்டேங்கிறீங்க. பீச்சுக்குப் போவோம்னா நாளைக்கு, கடைக்குப் போவோம்னா நாளைக்கு. எங்கள வெளியில கூட்டிட்டுப் போவ கூச்சமா இருந்தா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.” இல்லடி என்று சொல்ல வாய் திறக்கிறேன். கூச்சம் என்று நினைத்திருக்கிறாள். எட்டு நாளாக அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். இப்போது சொல்லிவிடலாம். மலரு, எனக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு. நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தைக்கு அப்புறம் இந்த மேடு இருக்காது, சூரியன் இருக்காது, கைபேசியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற முகம் இருக்காது. இன்னும் நாலு நாள், வெள்ளிக்கிழமை விமானம், ஏற்றிவிட்டு அப்புறம் போனில் சொல்லலாம், போனில் முகம் தெரியாது. “சரி, சூரியன் எறங்கட்டும்” என்கிறேன். அவள் என் கையைப் பிடித்து இழுக்கிறாள். இழுப்பதற்குத்தான் பிடிக்கிறாள். நான் விழாமலிருக்கப் பிடித்துக்கொள்கிறேன்.

ஐந்து ஐந்து. மணல் மேட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது, ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் ஏற்கெனவே நீலமாகிவிட்டது, அந்த நீலத்தைத்தான் பார்க்கக் கூடாது, அதிலிருந்துதான் இருட்டு கிளம்பி வரும். கனி அந்தப் பக்கம் உருளப் போகிறேன் என்கிறாள், வேண்டாம் இந்தப் பக்கம் உருளு, வெளிச்சத்தில் உருளு என்கிறேன். உருளுகிறாள். மஞ்சளும் சிவப்புமாக ஒரு பந்து, ஐயோ அம்மா என்று சிரிப்பு, தண்டுக்குள் வருகிறது, போகிறது, வருகிறது. இதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இப்படித்தான் எட்டு நாளாக ஒவ்வொன்றையும் பார்த்து வைக்கிறேன், மலர் தலை சீவுவது, கனி பல் விழுந்த இடத்தில் நாக்கை வைத்துத் துழாவுவது. எத்தனையைத்தான் வைக்க முடியும். வைத்ததெல்லாம் இருக்குமா. போன மார்ச்சில் பர்க்கா ஊருக்குப் பின்னால் தோட்டத்து ரோட்டில் வந்துகொண்டிருந்தேன், சாயங்காலத் தொழுகைக்கு மக்ரிபு பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள், பத்து நிமிஷத்தில் வீடு, விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் வந்தேன், இடது பக்கம் தடால் என்று ஒரு சத்தம். கேன்கள் எல்லாம் முன்னால் சரிந்தன. இறங்கினேன். ஒன்றும் தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு வெளியே கறுப்பு, கறுப்புக்குள் ஏதோ முனகுகிறது. அந்த ரோட்டில் சாயங்காலம் வேலை முடிந்து வங்காளத்துப் பையன்கள் சைக்கிளில் போவார்கள், விளக்கில்லாத சைக்கிள், கறுப்புச் சட்டை. நான் மண்டி போட்டுக் கையால் தடவிக்கொண்டே போனேன். சரளைக்கல், முள்ளு, அப்புறம் ஈரம், சூடாக. கையை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். ரோமம். ரோமம்தான். ஆடுதான். கொம்பைத் தொட்டேன், காதைத் தொட்டேன். ஆடுதான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன், ஆட்டுக்காக அழவில்லை, சந்தோஷத்தில் அழுதேன், அந்த ஆடு என் கைக்குக் கீழே செத்துக்கொண்டிருந்தது. மறுநாளே டெக்ராஜிடம், கூட வண்டி ஓட்டுகிற நேபாளத்துக்காரன், நல்லவன், எனக்கு ராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடுகிறது என்று சொல்லி சாயங்கால டூட்டியை மாற்றிக்கொண்டேன். பகல் மட்டும் ஓட்டுகிறேன். பகலிலும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். ஓட்டாமல் என்ன செய்வேன். ஊருக்குப் போய் என்ன செய்வேன். ஆடுதான். கொம்பைத் தொட்டேனே. தூக்கத்தில் சில நாள் கொம்பு இருக்காது.

சூரியன் மணலைத் தொட்டுவிட்டது. மலர் பேச்சை நிறுத்திவிட்டாள். தூரத்தில் இரண்டு ஜீப், அரபிப் பிள்ளைகள் மேட்டில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள், அந்த இரைச்சலும் நின்றுவிட்டது, தொழுகைக்கு நிறுத்தியிருப்பார்கள். “பாருங்க, பாருங்க” என்று மெதுவாகச் சொல்கிறாள், சத்தம் போட்டால் சூரியன் கலைந்துவிடும் என்பது போல. பார்க்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது. ஒரு விரல் இறங்கிவிட்டது, அரை வட்டம். எங்கள் சித்தப்பா ஒருத்தர் இருந்தார், அப்பாவின் தம்பி, ராமகிருஷ்ணன், பொழுது சாய்ந்தால் வீட்டை விட்டு இறங்கமாட்டார். பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கான் என்று தெருவே சிரிக்கும். ஒரு நாள் கல்யாண வீட்டுக்குப் போனவரை விடியற்காலையில் புது ஆற்றுப் படித்துறையில் எடுத்தார்கள். குடித்துவிட்டு விழுந்துவிட்டார் என்றார்கள். சித்தப்பா குடிக்கமாட்டார். அது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் குடித்துவிட்டு என்றுதான் சொன்னார்கள், நானும் சொன்னேன், பன்னிரண்டு வயசில் நானும் பள்ளிக்கூடத்தில் எங்க சித்தப்பா குடிச்சிட்டு விழுந்துட்டாருடா என்று சொன்னேன். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் சித்தப்பா ஞாபகம் வந்தது. கண் தெரியாமல்தான் இறங்கியிருக்கிறார். படி எங்கே முடிகிறது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல். சித்தப்பாவுக்கு இருந்தது எனக்கு வந்திருக்கிறது. எனக்கு இருப்பது. வேண்டாம். லாட்ஜ். இப்ராவில் லாட்ஜ். இப்ரா இனி முடியாது. சூரியன் ஒரு கீற்று. போய்விட்டது.

“அம்மா, போலாம்மா” என்கிறாள் கனி. இதுவரைக்கும் இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று உருண்டவள். எனக்கு அப்படியே அவளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருக்கிறது, என் பிள்ளை, என் மனசு தெரிந்து கேட்கிறது. “ஆரம்பிச்சிட்டியா” என்கிறாள் மலர். “பேசாம இருடி, செத்த நேரம். வானம் எப்புடி இருக்கு பாரு.” “போலாம்மா. கார்ல போயி ஒக்காந்துக்கலாம்.” “பசிக்குது போலருக்கு, வா போவோம்” என்று நான் எழுந்துவிடுகிறேன். எழுந்ததும்தான் தெரிகிறது. மேட்டின் தங்கப் பக்கமும் இல்லை, நீலப் பக்கமும் இல்லை. எல்லாம் ஒன்றாகிவிட்டது. வானம் மட்டும் மேலே கொஞ்சம் வெள்ளையாக. அவர்களுக்கு இன்னும் அரை மணி நேரத்துக்குத் தெரியும், அவர்களுக்கு இது இருட்டே இல்லை. எனக்கு என் கால் தெரியவில்லை. “நீங்க முன்னால நடங்க, கார நிறுத்துன எடம் ஒங்களுக்குத்தான தெரியும்” என்கிறாள் மலர். ஏறும்போது சூரியனுக்கு முதுகு காட்டி ஏறினோம், அப்படியென்றால் இறங்கும்போது வெளிச்சம் இருக்கிற பக்கம், கால் வைக்கிறேன், மணல் சரிகிறது, பரவாயில்லை, மணல்தானே, விழுந்தாலும் மணல்தான், இன்னொரு கால், அங்கே மணல் இல்லை. விளிம்பு. மல்லாக்க விழுந்து, தலை கீழாகி, வாயெல்லாம் மணல், உருண்டு, எங்கே நிற்கும் என்று தெரியாமல் உருண்டு, நின்றேன். மேலே மலர் கைகொட்டிச் சிரிக்கிறாள். “பாருடி ஒங்கப்பாவ! அவருக்கும் ஆசை வந்துடுச்சு!” நானும் சிரிக்கிறேன். படுத்தபடியே சத்தமாகச் சிரிக்கிறேன், அவள் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும், இன்னும் சிரிக்கட்டும். இறங்கி வருகிறார்கள். மணல் சரசரவென்று பக்கத்தில் வந்து நிற்கிறது. “கையக் குடு மலரு.” குடுக்கிறாள். “என்னா ரொமான்ஸா” என்கிறாள். அவள் கையை நான் விடவில்லை. கார்வரைக்கும் விடவில்லை. அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்று அவள் விரல்களில் தெரிந்தது. இந்தச் சந்தோஷத்தையும் நான் ஏமாற்றித்தான் கொடுக்கிறேன்.

ஜெயசீலனின் கார், என் அறைத் தோழன், ஒரு நாளைக்கு என்று கொடுத்திருக்கிறான். கதவுப் பிடியைத் தடவிக் கண்டுபிடித்தேன், சாவித் துளையைத் தடவிக் கண்டுபிடித்தேன். மலர் பக்கத்தில், கனி பின்னால். விளக்கைப் போட்டேன். முன்னால் இரண்டு தட்டு அளவுக்கு வெளிச்சம், அதற்குள் மணல், ஒரு புதர். அவ்வளவுதான். ரோடு எங்கே. வரும்போது ரோட்டை விட்டு இருபது அடிதான் இறக்கி நிறுத்தினேன். இருபது அடி மெதுவாகப் போய்விட்டால் ரோடு, ரோட்டில் வெள்ளைக் கோடு இருக்கும், கோட்டைப் பிடித்துக்கொண்டு முப்பதில், நாற்பதில். கோட்டை மட்டும் பார்த்தால் போதும். எதிரே வருகிற விளக்கு அடித்தால் கோடும் போய்விடும். ஒரு நொடிதான், அப்புறம் வந்துவிடும். அந்த ஒரு நொடியில் சைக்கிள். அந்த ஒரு நொடியில் ஒட்டகம், ஒட்டகத்தின் கால் மட்டும்தான் இடிக்கும், உடம்பு அப்படியே கண்ணாடியில் வந்து விழும், முன் சீட்டில் மலர். பின்னால் கனி. கியரைப் போட்டேன். கார் நகர்ந்தது. மலர் போனில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த வெளிச்சத்தில் அவள் தாடை தெரிந்தது. கைக்குக் கீழே சூடாக ஈரம். பிரேக்கை மிதித்தேன். விளக்கை அணைத்தேன். வண்டியை அணைத்தேன்.

“என்னங்க?”

“எனக்குத் தெரியல மலரு.”

“வழியா? வந்த வழிதான. போன்ல மேப்பு போடுங்க.”

“வழி இல்ல. கண்ணு தெரியல.”

அவள் சிரிக்கப் போனாள். பாதி சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. எஞ்சின் ஆறும்போது டிக் டிக் என்று சத்தம் வருமே, அதை எண்ணிக்கொண்டிருந்தேன். “எத்தன நாளா?” என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கடையை, டாக்டரை, டெக்ராஜை. ஆட்டைச் சொல்லவில்லை. சாயங்காலம் வெளியே வராதது கூச்சத்தால் இல்லை என்பதைச் சொன்னேன், அதை இரண்டு தடவை சொன்னேன். மருந்து கிடையாது என்று சொன்னேன். அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. வேறு யாரிடமோ கேட்பது போல, “பரம்பரையா வருமா?” என்று கேட்டாள். எட்டு மாசமாக நான் சுற்றிச் சுற்றிப் போன இடத்தில் அவள் ஒரே அடியில் வந்து நின்றுவிட்டாள்.

“ஏன் கேக்குற?”

“கனி ஆறு மணிக்கு மேல கொல்லப்பக்கம் போவமாட்டேங்கிறா. டியூஷன் விட்டு வர்றப்ப சைக்கிளோட ரெண்டு தடவ வாய்க்கால்ல விழுந்தா. சாமான எடுடின்னா பக்கத்துல இருக்கறது தெரியலங்கிறா.” அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. “பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேங்க. பள்ளிவாசல்ல கொண்டுபோயி ஓதி தாயத்துகூட கட்டுனேன். போன மாசம் வெளக்கமாத்தால அடிச்சேன். பொய் சொல்லாத, தெரியலன்னு சொல்லாத, எல்லாருக்கும் தெரியறது ஒனக்கு மட்டும் எப்புடிடி தெரியாதுன்னு கேட்டு கேட்டு அடிச்சேன். அவ தெரியலம்மா தெரியலம்மான்னுதான் சொன்னா.”

அப்புறம் அவள் வாயை எதையோ வைத்துப் பொத்திக்கொண்டாள். துப்பட்டாவாக இருக்கும். ஜெயசீலனுக்குப் போன் போட வேண்டும். அவன் யாரையாவது வண்டியோடு கிளப்பிக்கொண்டு வர மூன்று மணி நேரம் ஆகும். போன் சட்டைப் பையில்தான் இருக்கிறது, எடுக்கக் கை வரவில்லை. சித்தப்பா, நான், அப்புறம். அப்புறம் என்ற இடத்தில் மனசு முட்டிக்கொண்டு நின்றது, பின்னாலும் போகவில்லை. முப்பது வயசில் அவளுக்கு அந்தப் பப்பாளித் தண்டு எவ்வளவு இருக்கும். அவள் எதைப் பார்த்து வைத்துக்கொள்வாள். நானாவது நாற்பது வருஷம் வரப்போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா.”

பின் சீட்டில் ஒருத்தி இருக்கிறாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருக்கிறாள் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

“அப்பா, ஒங்களுக்குமா தெரியாது?”

அவள் குரலில் பயம் இல்லை. அழுகை இல்லை. சந்தோஷம் இருந்தது. இத்தனை நாளும் யாரும் நம்பாத ஒன்றை நம்புகிற ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம். அவள் சீட்டை விட்டு எழுந்து முன்னால் வரும் சத்தம் கேட்டது. கை வந்தது. முதலில் என் சீட்டின் முதுகைத் தடவியது, அப்புறம் தோளை, அப்புறம் காதை, அப்புறம் கன்னத்தில் வந்து நின்றது. மணல் ஒட்டிய சின்னக் கை. நான் அவளைப் பார்க்கத் திரும்பினேன். எங்கள் இரண்டு பேருக்கும் எதுவும் தெரியவில்லை.